புல்லுக்கு வைத்த தீ

ஆனைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில் பூரணி கொளுத்தப் போவதாகச் சொல்லாத பொருள் கிடையாது. கை காட்டியும் நிற்காமல் போகிற தலவாக்கலை பஸ்ஸை ஒரு நாளைக்குக் கொளுத்திப்புடுவேன் என்பாள். பால் கறக்க விடாமல் உதைக்கிற மாட்டைச் சொல்வாள். கொழுந்து நிறுக்கிற தராசைச் சொல்வாள். அதை மட்டும், நிறுவையைப் பார்க்கிற தோட்டத்துக் கண்டாக்கு ஐயா கொஞ்சம் தள்ளிப் போன பிறகு சொல்வாள். தண்ணீர் வராத நாளில் குழாயையே கொளுத்தக் கிளம்புவாள். புருஷன் வீரய்யாவின் பழைய குடை, பக்கத்துக் காம்பரா வீட்டு ஜெயலெட்சுமியின் கோழிகள், விடாமல் பெய்கிற மழை என்று எதையும் அவள் மிச்சம் வைத்ததில்லை. மற்றவர்கள் ‘சே’ என்று சொல்லிவிட்டுப் போகிற இடத்தில் அவளுக்கு அந்தச் சொல் வந்துவிடும், அவ்வளவுதான். வரிசை வீடுகளான அந்த லயத்தில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆனால் பொன்னையாவின் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொளுத்திப்புடுவேன் என்று சொல்லும்போது மட்டும் அந்தச் சொல்லில் கொஞ்சம் உயிர் இருந்தது.

பொன்னையா தோட்டத்துத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்சாதி இல்லை. மகன் கொழும்பில். ஓய்வு பெற்ற கையோடு ஆளுயரப் பெட்டிகள் நாலு, ஒரு அம்ப்ளிஃபயர், பழைய ஜெனரேட்டர் ஒன்று வாங்கி, கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வாடகைக்கு விட ஆரம்பித்தார். லயத்தின் கோடியில் தகரமும் பலகையுமாக ஒரு கொட்டில் போட்டு அதற்குள் எல்லாவற்றையும் வைத்திருந்தார். மலை ஈரத்தில் சாமான் பழுதாகிவிடும் என்று அவருக்கு ஒரு பயம். அதனால் தினமும் விடிகிற நேரத்தில் போட்டுப் பார்ப்பார். “ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்” என்று அவர் குரல் முதலில் வரும். பிறகு ஒரு சாமிப் பாட்டு. பிறகு ஒரு சினிமாப் பாட்டு. கொட்டிலுக்கு அடுத்த காம்பரா பூரணியுடையது. அவள் வீட்டுத் தட்டில் அடுக்கியிருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் பாட்டுக்கு ஏற்றபடி ஆடும்.

வேலை நாட்களில் பரவாயில்லை. வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போக எப்படியும் எழும்பத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவளுக்குத் தாங்காது. வாரம் முழுக்கக் கொழுந்து பறித்த உடம்பு, இன்னும் கொஞ்சம் கிடக்கலாம் என்று கெஞ்சும். அப்போது பார்த்து “ஹலோ... ஹலோ...” என்பார் பொன்னையா.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் தலையைக்கூட வாராமல் குழாயடிக்குப் போய் நின்றாள். லயமே தண்ணீர் பிடிக்க நின்ற நேரம்.

“பொன்னையா அண்ணே! ஒரு நாளைக்கு இல்லாட்டி ஒரு நாளைக்கு அந்தப் பொட்டிகளைக் கொட்டிலோட சேத்துக் கொளுத்திப்புடுவேன், சொல்லிட்டேன்!”

“செய்யி பாப்போம்,” என்றார் பொன்னையா, பல்லில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயலெட்சுமி சத்தமாகவே சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கொட்டில் எரிந்துபோனது.

நடந்தது இதுதான். லயத்துக்குப் பின்னால் பூரணிக்கு ஒரு துண்டு மரக்கறித் தோட்டம் உண்டு. மழை தொடங்குவதற்குள் அதில் கிழங்கு போட வேண்டும் என்று அவசரம். ஓரத்தில் இடுப்பளவுக்கு மானாப்புல் வளர்ந்து, பனியில் கருகிக் காய்ந்து கிடந்தது. அதை எரித்துவிட்டால் சாம்பல் மண்ணுக்கு நல்லது. மண்வெட்டியால் சுற்றிவரப் புல்லைச் செதுக்கி ஒரு பாதை விட்டாள். ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் பறக்கவிட்டுப் பார்த்தாள். இலை ஓடைப் பக்கம் போனது. சரி என்று நெருப்புக் குச்சியை உரசிப் போட்டாள்.

புல் சடசடவென்று நன்றாகத்தான் எரிந்தது. பாதி எரிந்த பிறகு, மலைக்கு மேலிருந்து ஒரு காற்று திரும்பி இறங்கியது. எரிகிற புல் தாள் ஒன்று எழும்பி, செதுக்கிய பாதையைத் தாண்டி, பூரணியின் தலையையும் தாண்டிப் போய்ப் பொன்னையாவின் கொட்டில் ஓரத்தில் அடுக்கியிருந்த விறகில் விழுந்தது. விறகு பற்றியது. பலகை பற்றியது. அப்புறம் உள்ளே ‘பொம்’ என்று ஒரு சத்தம். பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்திலிருந்து பொன்னையா ஜெனரேட்டருக்கென்று இரண்டு கேன் பெற்றோலை யாருக்கும் சொல்லாமல் அதற்குள் ஒளித்து வைத்திருந்தார். கூரைத் தகரம் ஒன்று எழும்பிப் பக்கத்திலே விழுந்தது.

லயத்துச் சனம் ஓடிவந்து தண்ணீர் ஊற்றியபோது மிஞ்சியது இரண்டு மரக்கால்களும் ஒரு கறுத்த ஜெனரேட்டரும்தான்.

மறுநாள் பொலிஸ் வந்தது. பொன்னையா முறைப்பாடு கொடுத்திருந்தார். குழாயடியில் எல்லோர் முன்னாலும் பூரணி சொன்ன சொல்லையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

வந்த சார்ஜனுக்குத் தமிழ் அரைகுறை. பூரணிக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்கு வரும். அவர் எரிந்த இடத்தைக் காட்டி, “கினி திப்பத?” என்று கேட்டார். தீ வைத்தாயா என்று கேட்கிறார். வைத்தது உண்மைதானே. பூரணி புல் கிடந்த பக்கம் கையைக் காட்டி, “ஒவ் மாத்தயா” என்று ஆமோதித்துத் தலையை ஆட்டினாள். புல்லுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் இருபது எட்டு தூரம்கூட இல்லை. அவள் கை எதைக் காட்டியது என்று சார்ஜன் கேட்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று அவர் எழுதிக்கொண்டார்.

தீ வைத்து நாசம் விளைவித்தல் என்று வழக்கு. நீதிமன்றத்தில் பிணை கிடைத்தது. வீரய்யா பெரிய பேச்சுக்காரர் இல்லை. ஆனால் நுவரெலியா டவுனில் படியேறி இறங்கி, ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் கோசலா என்கிற இளம் லோயரைப் பிடித்துவிட்டார். கோசலா ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். லயத்துப் பேச்சு அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“அக்கா, நீங்க தீ வச்சீங்களா?” என்றாள் முதல் கேள்வியாக.

“வச்சேன்.”

“எதுக்கு வச்சீங்க?”

“புல்லுக்கு.”

“கொட்டிலுக்கு?”

“அதுக்குக் காத்து வச்சுச்சு.”

கோசலா பேனாவை மேசையில் போட்டுவிட்டுச் சிரித்தாள். “இத இப்படியே கோட்ல சொல்லுங்க அக்கா. வேற ஒண்ணும் வேணாம்.”

பூரணிக்குச் சிரிப்பு வரவில்லை. “நான்தானே வச்சேன், எரிஞ்சது அவரு கொட்டில்தானே. அப்பறம் என்னத்துக்கு இந்த வெசாரணை?”

“கை வச்சது மட்டும் போதாது அக்கா. இந்தக் குத்தத்துக்கு மனசும் வச்சிருக்கணும். அடுத்தவன் பொருள் நாசமாப் போகட்டும்னு நெனச்சு வச்சிருக்கணும். இல்லாட்டி, இதால அது எரியப்போவுதுன்னு நல்லாத் தெரிஞ்சுக்கிட்டே வச்சிருக்கணும். ரெண்டுல ஒண்ணாச்சும் இருந்துச்சுன்னு பொலிஸ்தான் காட்டணும். கவனமில்லாம வச்சது வேற. அதுக்கும் சட்டம் இருக்கு, ஆனா அது சின்னது.”

பூரணி நாற்காலியை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“லோயரம்மா, அந்தக் கொட்டில் எரியட்டும்னு நான் எத்தன நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? ஞாயித்துக்கெழம தவறாம நெனச்சிருக்கேன். அப்ப மனசு இருந்துச்சில்ல?”

“நெனைக்கிறதுக்கெல்லாம் வழக்குப் போட்டா ஜெயில் பத்தாது அக்கா. எங்க வீட்டுக்காரர் கொறட்ட விடுறப்ப நான் என்னென்ன நெனைக்கிறேன்னு சொன்னா என்னையும் உள்ள போட்டிருவாங்க. குச்சிய உரசுனீங்களே, அந்த நேரம் உங்க மனசு எங்க இருந்துச்சு? கேள்வி அதுதான்.”

“கெழங்குல.”

“முடிஞ்சது.”

ஆனால் முடியவில்லை. ஒன்றைப் பூரணி சொல்லாமல் வந்துவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது நெஞ்சில் குத்தியது.

விறகு பற்றியபோது அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. நின்றாள். அதிக நேரமில்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். கொட்டிலின் ஓரத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் தீ ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த ஒரு மூச்சில் அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. கோயிலில் கற்பூரம் காட்டும்போது நிற்கிற மாதிரி நின்றாள் என்றுகூடச் சொல்லலாம். அதை யாரிடம் சொல்வது?

மலையில் கொழுந்து பறிக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. விரல்கள் தம்பாட்டுக்குப் பறித்துக் கூடையில் போடும், மனம் அந்த மூச்சைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். தீ வைத்தபோது மனசு கிழங்கில் இருந்தது. தீ பற்றியபோது மனசு தீயோடு சேர்ந்துகொண்டது. அப்படியானால் தான் யார் பக்கம்? ஜெயலெட்சுமி பக்கத்து நிரையிலிருந்து, “என்னடி, ஒரு வாரமா ஒண்ணையும் கொளுத்தலையே? ஒடம்புக்கு முடியலையா?” என்று கேட்டாள். பூரணி அவளைப் பார்த்து முறைத்தாள். கொளுத்திப்புடுவேன் என்கிற சொல் நாக்கு நுனி வரை வந்து, பயந்து திரும்பிப் போனது.

விசாரணை நாளன்று பூரணி கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டாள். நீதவான் ஒரு பெண்மணி. சிங்களத்தில் பேசினார். பக்கத்தில் ஒல்லியான மொழிபெயர்ப்பாளர் ஒருவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்து நிறுக்கிறவர் மாதிரித் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் மாற்றினார்.

பொலிஸ் பக்கத்து முதல் சாட்சி ஜெயலெட்சுமி. குழாயடியில் பூரணி என்ன சொன்னாள் என்று வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“பொட்டிகளைக் கொட்டிலோட கொளுத்திப்புடுவேன்னு சொன்னா.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னபோது மண்டபமே கொஞ்சம் கனத்துப் போனது. கேட்கக் கேட்கப் பூரணிக்கே தன்னைப் பார்த்துப் பயமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் திருப்தியோடு உட்கார்ந்தார்.

கோசலா எழும்பினாள். “இவங்க வேற எதையாச்சும் கொளுத்துவேன்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?”

“எத விட்டா?” என்றாள் ஜெயலெட்சுமி. “என் கோழிய சொன்னா. அவ புருஷன் கொடைய சொன்னா. கொழாய சொன்னா. தலவாக்கலை பஸ்ஸ கெழமைக்கு ரெண்டு தடவ சொல்லுவா.”

“அதுல ஏதாச்சும் எரிஞ்சிருக்கா?”

“எங்கங்க? அந்த பஸ்ஸுலதான் இன்னைக்கு நாங்க வந்தோம்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதவான் நிமிர்ந்து பார்க்க, சிரிப்பு அடங்கியது. இன்ஸ்பெக்டர் மறுபடி எழும்பி, “அந்தக் கொட்டில் எரிய வேண்டும் என்று இவர் விரும்பினாரா, இல்லையா?” என்று கேட்டார்.

“விரும்பியிருப்பா. நானும்தான் விரும்புனேன். எங்க லயத்துல பச்சப் புள்ளையத் தவிர எல்லாருமே விரும்புனோம். பச்சப் புள்ளைக்கும் பேசத் தெரிஞ்சா அதத்தான் சொல்லியிருக்கும்.”

மொழிபெயர்ப்பாளர் அதையும் ஒரு சொல் விடாமல் மாற்றினார். நீதவான் தலையைக் குனிந்து நெடுநேரம் எதையோ எழுதினார்.

அடுத்தது பொன்னையா. வெள்ளைச் சட்டையும் இடுப்பில் நீலச் சாரமும் உடுத்து, பூரணி பக்கம் திரும்பாமல் கூண்டில் ஏறினார். கொட்டிலில் இருந்த சாமான்களைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூரணி முதல்முறையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெட்டிகள் அவருக்குப் பிள்ளை மாதிரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் அதை இதுவரை ஒரு விஷயமாக அவள் எடுத்ததில்லை.

கோசலா கேட்டாள். “தீ பிடிச்ச நேரம் நீங்க எங்க இருந்தீங்க?”

“வீட்ல. தீ தீன்னு சத்தம் கேட்டு ஓடியாந்தேன்.”

“கொட்டிலுக்குள்ள போனீங்களா?”

“போனேன். அம்ப்ளிஃபயர எடுக்க.”

“அப்பறம்?”

“அப்பறம்... வந்துட்டேன்.”

“எப்படி வந்தீங்க?”

பொன்னையா மண்டபத்து மின்விசிறியைப் பார்த்தார். “நடந்துதான்.”

“உங்கள யாரும் இழுத்துக்கிட்டு வரலையா? லயத்துல ஒருத்தர் போன்ல எடுத்த வீடியோ ஒண்ணு இருக்குதாமே. வேணும்னா அத இங்க போட்டுப் பாக்க அனுமதி கேக்கலாம்.”

“வேணாம்! வேணாம்!” பொன்னையா கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “சொல்லிப்புடுறேன். பூரணிதான் இழுத்தா.”

“எரியுற கொட்டிலுக்குள்ள அவங்களே வந்தாங்களா?”

“வந்தா. ஈரச் சாக்கத் தலையில போட்டுக்கிட்டு வந்தா. நான் அம்ப்ளிஃபயர விட மாட்டேன்னு நின்னேன். என் சாரத்தப் பிடிச்சு இழுத்தா...” அவர் இடுப்புச் சாரத்தை ஒரு தடவை இறுக்கிக்கொண்டார். “சாரம் அவ கையோட போயிருச்சு. அப்பறம் கையப் பிடிச்சு இழுத்தா. நான் வெளியில வந்தப்ப லயமே நிக்குது. ஒருத்தன் போனத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்.”

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதை மிக மரியாதையான சிங்களத்தில் சொன்னார். இந்தத் தடவை மண்டபம் அடங்கக் கொஞ்சம் நேரமானது. சிரிக்காதவர்கள் பொன்னையாவும் பூரணியும்தான்.

“இத ஏன் பொலிஸ்ல சொல்லல?”

“எப்பிடிங்க சொல்றது?” என்றார் பொன்னையா.

கோசலா கடைசியாக இன்னொன்று கேட்டாள். உள்ளே பெற்றோல் இருந்தது பூரணிக்குத் தெரியுமா? யாருக்கும் தெரியாது, மகனுக்குக்கூடச் சொல்லவில்லை என்றார் பொன்னையா. கோசலா உட்காரும்போது பூரணியைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். வழக்கு நம் கையில் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

பூரணி கூண்டில் ஏறினாள். செதுக்கிய பாதையையும் வாளித் தண்ணீரையும் கோசலா கேட்டுச் சொல்ல வைத்தாள். பிறகு இன்ஸ்பெக்டரின் முறை.

“காற்று மாறும் என்று உங்களுக்குத் தெரியாதா?”

“மாறும்னு தெரியும்ங்க. அன்னைக்கு மாறும்னு தெரியாது. இருந்தாலும் அவ்வளவு காஞ்ச நாள்ல நான் வச்சிருக்கக் கூடாது. அது என் பிழைதான்.”

“கொட்டில் பற்றியதைப் பார்த்தவுடன் என்ன செய்தீர்கள்?”

கோசலா சொல்லிக்கொடுத்தது ‘தண்ணி எடுத்துக்கிட்டு ஓடினேன்’ என்பதல்ல. அவள் ஒன்றையுமே சொல்லிக்கொடுக்கவில்லை, நடந்ததைச் சொல்லுங்கள் என்றுதான் சொல்லியிருந்தாள். நடந்ததில் அந்த ஒரு மூச்சும் இருந்தது. பூரணி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நின்னேங்க.”

“நின்றீர்களா?”

“கொஞ்சம் நேரம் நின்னு பாத்தேன். சந்தோஷமா இருந்துச்சு.”

மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கம் குனிந்தார். “சந்தோஷமாவா? சங்கடமா இருந்துச்சுன்னு சொல்றீங்களா?” அவருடைய குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

“இல்லீங்க ஐயா. சந்தோஷம்.”

அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சந்தோஷத்தைச் சிங்களத்தில் சந்தோஷமாகவே சொன்னார். இரண்டு மொழிக்கும் அது ஒரே சொல், மொழிபெயர்ப்புக்கூட வேண்டியிருக்கவில்லை. கோசலா நெற்றியில் கையை வைத்தாள். இன்ஸ்பெக்டர், கேட்டதற்கு மேல் கிடைத்துவிட்டது என்ற முகத்தோடு உட்கார்ந்தார்.

நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். இப்போது அவரே கேட்டார், மொழிபெயர்ப்பாளர் வழியாக.

“அந்தச் சந்தோஷம் எப்போது வந்தது?”

“கொட்டில் பத்துனப்ப.”

“புல்லுக்கு நெருப்பு வைத்தபோது?”

“அப்ப ஒண்ணுமில்லீங்க. மழைக்கு முன்னாடி கெழங்கு போடணுமேன்னு இருந்துச்சு. வெதக்கெழங்கு முளைச்சு வீட்ல கெடந்துச்சு.”

“சந்தோஷமாக நின்றவர் எதற்கு உள்ளே ஓடினீர்கள்?”

பூரணி யோசித்தாள். இதை அவள் யோசித்ததே இல்லை. “அண்ணே உள்ள போயிட்டாரேங்க,” என்றாள். பிறகு, அது போதாதோ என்று சந்தேகப்பட்டு, “அவரு பொட்டி எரியட்டும்னுதான் நெனச்சேன், அவரு எரியட்டும்னு நெனக்கலீங்க,” என்று சேர்த்துக்கொண்டாள்.

தீர்ப்பைக் கேட்க இன்னொரு நாள் வர வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லச் சொல்லப் பூரணி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள். தீ பற்றிய பிறகு வந்த சந்தோஷத்தைத் தீ வைத்தபோது இருந்த எண்ணமாக எடுக்க முடியாது என்றார் நீதவான். எண்ணம் செயலுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும், அல்லது செயலோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். பின்னால் வந்து ஒட்டிக்கொண்டால் அது குற்றத்தின் எண்ணம் ஆகாது. ஒருவர் எல்லாவற்றையும் கொளுத்துவேன் என்று சொல்லித் திரிந்தால், அதில் ஒன்று எரிந்துவிட்டது என்பதற்காக அந்தச் சொல்லைச் சாட்சியாக எடுக்கவும் முடியாது. புல்லைச் செதுக்கி, தண்ணீர் வைத்து, காற்றுப் பார்த்து வைத்தவருக்கு, கொட்டில் எரியும் என்று தெரிந்திருந்தது எனவும் கொள்ள முடியாது. அதனால் தீ வைத்து நாசம் விளைவித்த குற்றம் இல்லை. ஆனால் அப்படிக் காய்ந்த நாளில் வைத்தது கவனக்குறைவு. அதை அவரே ஒத்துக்கொண்டார். அதற்காகக் கடுமையாக எச்சரித்து விடுவதாகச் சொன்னார்.

“சந்தோஷப்பட்டதுக்கு ஒண்ணுமில்லையா?” என்று பூரணி கோசலாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. வாங்க அக்கா, வெளிய போவோம், இன்னும் எதையாச்சும் ஒத்துக்கிறதுக்குள்ள.”

லயத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் கூட்டம். வீரய்யா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு பூரணிக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார். பக்கத்தில் சன்னலோரம் யார் என்று பார்த்தால் பொன்னையா. எழும்பிப் போக வேறு இடமில்லை. லிந்துலையில் பஸ் நின்று கிளம்பியது. பிறகு பொன்னையா சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

“நீ வேணும்னு வைக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

பூரணி திரும்பினாள். “தெரிஞ்சா ஏன் அண்ணே பொலிசுக்குப் போனீங்க?”

“சாமான் போனது ஒரு பக்கம். அத நான் தாங்கியிருப்பேன். அன்னைக்கு லயமே நின்னு சிரிச்சதே, அதத் தாங்க முடியல. யார் மேலயாச்சும் கோவப்படணும் போல இருந்துச்சு. ஒன் கையிலதான் என் சாரம் இருந்துச்சு.”

பூரணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பிறகு பொன்னையாவின் தோளும் குலுங்குவதைப் பார்த்து அடக்குவதை விட்டுவிட்டாள்.

“எரிஞ்சப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு அண்ணே. அது நெசம்,” என்றாள் கண்ணைத் துடைத்தபடி. “நீங்க கோட்ல சாமான் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதப்ப அந்தச் சந்தோஷம் இல்ல.”

“ம்,” என்றார் பொன்னையா. சன்னலோரம் ஒடுங்கி அவளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

தீபாவளிக்கு முன்னால் மகன் கொழும்பிலிருந்து பழைய பெட்டிகள் இரண்டு அனுப்பினான். கொட்டில் போட வீரய்யாவும் லயத்து ஆட்களும் கை கொடுத்தார்கள். இடத்தைப் பூரணி பார்த்துக் கொடுத்தாள்: ஓடைக்கு அந்தப் பக்கம், கோயிலுக்குக் கீழே, லயத்துக்கு முதுகைக் காட்டிய சரிவில். கரண்டுக் கம்பமும் பக்கத்தில் இருக்கிறது என்று அவள் சொன்ன நியாயத்தைப் பொன்னையா ஒத்துக்கொண்டார். மூங்கிலும் தகரமும் சுமந்து அவளும் இறங்கினாள். பெற்றோல் கேன் உள்ளே வைக்கக் கூடாது என்று ஜெயலெட்சுமி வாசலிலேயே நின்று மிரட்டினாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு, பொன்னையாவின் “ஹலோ” ஓடையைத் தாண்டி வராத காலையில், வீரய்யா எழும்பித் தேத்தண்ணி போட்டுக் குடித்து, மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு வந்து பார்த்தால், பூரணி இன்னும் போர்வைக்குள் கிடந்தாள். சன்னல் வழியாக வெயில் அவள் கால்மாட்டுக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. காய்ச்சலாக இருக்குமோ என்று அவர் மெல்லக் குனிந்து நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

நெற்றி குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பூரணி கண்ணைத் திறக்காமலே அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.